பழைய வண்டியும் பதிவுச் சீட்டும்

நம் தருமபுரி மாவட்டத்து நெசவாளருக்கும் விவசாயிக்கும் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. பட்டுக்கூட்டை அங்காடி சேர்க்கவும், பாவு நூலை வீடு கொணரவும் அது இன்றியமையாததாகிவிட்டது. புது வண்டி வாங்க வசதியற்றோர் பழைய வண்டியை நாடுதல் சிக்கனமேயன்றிக் குறையன்று. ஆனால், கைப்பேசியில் காணும் இணைய விளம்பரத்தை நம்பி வாங்கும் முறை குறித்தே எச்சரிக்க வேண்டியுள்ளது.

சில நாட்களுக்கு முன் அங்கத்தினர் ஒருவர் கூடு விற்ற பணத்தை இழந்து வந்தார். விளம்பரத்தில் அழகான வண்டி, விலையோ பாதி. விற்பவர் தம்மை இராணுவ வீரர் என்றும், மாற்றலாகிச் செல்வதால் அவசரமாக விற்பதாகவும் கூறினாராம். வண்டியை அனுப்பும் செலவுக்கென முன்பணம் கேட்டார். பிறகு மேலும் கேட்டார். வண்டி வரவேயில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கும் நாம், படத்தைப் பார்த்து வண்டி வாங்கலாமா?

வண்டியையும் உடையவரையும் நேரில் காணாமல் ஒரு காசும் தரலாகாது. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சீட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடன் பாக்கி பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் தேவை. 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெங்களூர் நமக்கு அண்மையிலிருப்பதால் கருநாடகப் பதிவு வண்டிகளும் மலிவாகக் கண்ணிற்படும். அவற்றுக்குத் தடையின்மைச் சான்றிதழ் அவசியம். இங்கே மறுபதிவும் வரியும் உண்டு. அச்செலவைக் கூட்டிய பின்னரே மலிவா என்று கணக்கிடுக.

விற்போரும் அசட்டையாயிருத்தல் கூடாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடையவர், விபத்தின் நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வண்டியை என்றோ விற்றவர், எவரோ செய்த விபத்துக்கு நிலத்தை விற்றுப் பணம் கட்ட நேரிடலாம். எனவே விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மேலும், பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவன் பணத்தைப் பறிக்கவே கேட்கிறான். ஏமாந்தோர் வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்க வேண்டும்; தாமதமின்றி அறிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

தனித்து நிற்பவரே எளிதில் ஏமாறுகிறார். ஒவ்வொரு சங்கமும் இப்படிவங்களை வைத்திருந்து, விவரமறிந்த இளைஞர் ஒருவரை வாங்குவோருடன் துணைக்கு அனுப்பினால் என்ன? சங்கத்துக்குச் செலவு சொற்பம்; அங்கத்தினருக்கோ ஓராண்டு உழைப்பு மிஞ்சும். நூலுக்கும் விதைக்கும் ஒன்றுகூடிய நாம் இதற்கும் ஒன்றுகூடுவோமாக.