வெள்ளரிக்காய்க்கு எதற்குத் தராசு?

தட்டில் விழும் ஒவ்வொன்றையும் கிராம் சுத்தமாக நிறுத்தால்தான் கலோரிக் கணக்கு நிற்கும் என்கிறார் நண்பர். மறுக்கிறேன். அவர் நம்பும் எண்களே சராசரிகள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்பது அமெரிக்க விஞ்ஞானி ஆட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த பொதுக் கணக்கு. அதன்படி 28 கிராம் பாதாமில் ஏறத்தாழ 170 கலோரி. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆட்களைச் சாப்பிட வைத்து அளந்து, 2012இல் வெளியிட்ட முடிவில் உடலுக்குக் கிடைத்தது 129தான். கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. பொட்டலத்தில் அச்சிட்டதைவிட உண்மையான கலோரி 20 சதவீதம் வரை கூடியிருக்கவும் அந்நாட்டு விதி இடம் தருகிறது. இந்த நிலையில் வெள்ளரிக்காயில் 3 கிராமைக் கூட்டிக் குறைத்து என்ன காணப் போகிறோம்?

எண்ணெய் விஷயம் வேறு. அதை அளந்தே ஆக வேண்டும். ஒரு மேசைக்கரண்டியே சுமார் 120 கலோரி. கண்திட்டத்தில் ஊற்றினால் ஒன்று இரண்டாவது தெரியவே தெரியாது. நெய், முந்திரி, தேங்காயிலும் இதே ஆபத்து. சோற்றிலோ, எதை நிறுத்தோம் என்பதே முதல் கேள்வி. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, அதே எடைச் சோறு 130. இதை மாற்றிக் குறித்துக்கொண்டால் எவ்வளவு நுட்பமான தராசும் காப்பாற்றாது.