தெளிந்த நீரில் சாகும் மீன்

ஞாயிறு காலை. வடக்குக் கொல்கத்தாவின் கேலிஃப் தெருச் சந்தை. பறவைக் கூண்டுகளையும் பூந்தொட்டிகளையும் தாண்டினால் மீன் வியாபாரிகள். காற்றடைத்த பாலித்தீன் பைகளில் வண்ண மீன்கள். அவற்றில் மவுசும் விலையும் அதிகம், தட்டு போல் வட்டமான டிஸ்கஸுக்கு.

ஆசையாக வாங்கிப் போகிறவர் பல சமயம் அடுத்த ஞாயிறு சண்டைக்கு வருகிறார். "நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டாய்" என்பது அவர் கட்சி. "உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்பது வியாபாரியின் பதில். பெரும்பாலும் உண்மைக் குற்றவாளி வீட்டில், கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறது. தண்ணீர்!

டிஸ்கஸின் சொந்த ஊர் அமேசான் படுகை. ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கெல் 1840ல் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உப்புகள் மிகக் குறைந்த, லேசான அமிலத் தன்மையுள்ள, வெதுவெதுப்பான நீரில் பழகிய இனம் அது. பி.எச். 6 முதல் 7, வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் அதற்குச் சௌகரியம். சந்தைக்குச் சற்றுத் தூரத்தில், 1911 முதல் நகருக்குத் தண்ணீர் தரும் டாலா இரும்புத் தொட்டி நிற்கிறது. அதன் வழியே வருவது பல்தாவில் சுத்திகரித்த ஹூக்ளி நீர். கிருமி கொல்ல அதில் குளோரின் சேர்க்கிறார்கள். மனிதனைக் காப்பாற்றும் அதே குளோரின் மீனின் செவுள்களை அரித்துவிடுகிறது.

இதற்கு வைத்தியம் எளிது. வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. போட்டோ ஸ்டூடியோ இருட்டறைகளில் 'ஹைப்போ' என்று புழங்கிய அதே பொருள்தான். ஆனால் குளோரமின் கலந்த நீராக இருந்தால் ஒரு நாள் காத்திருப்பு போதாது.

குளோரினை விடப் பெரிய எதிரி அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அது உண்டாகிறது. நிறம் கிடையாது. தண்ணீர் ஸ்படிகமாகத் தெரியும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அம்மோனியாவின் குணம் பி.எச். அளவைப் பொறுத்து மாறும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் அதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் சுமார் 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பலரை ஏமாற்றும் இடம் இதுதான். கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கிவிடுகிறது. அதனால் அம்மோனியா பெருகினாலும் அதிகம் தீங்கு செய்வதில்லை. பையைத் திறந்ததும் கரியமில வாயு போய்விடுகிறது, பி.எச். ஏறுகிறது, அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகிறது. ஆகவே நீண்ட பயணம் செய்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் 'பழக்க'க் கூடாது. மூடிய பையையே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. இந்த முறைக்குத் தொட்டி நீர், மீன் இருந்த நீரை ஒத்திருக்க வேண்டும். அதை முன்கூட்டியே வியாபாரியிடம் கேட்டு வைப்பது நல்லது.

அம்மோனியாவைத் தின்ன இயற்கை ஆள் வைத்திருக்கிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இடையில் வரும் நைட்ரைட்டும் ஆபத்தானது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பண்டிகைக்கு வீடு கழுவுவது போல் வடிகட்டியையும் கூழாங்கற்களையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறவர், காவலாட்களைக் கொன்றுவிட்டு வீட்டைத் திறந்து போட்டவராகிறார். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் போதும். தண்ணீரையும் வாரம் நாலில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

கொல்கத்தாவின் ஜனவரி இரவுகள் டிஸ்கஸுக்கு ஆகாது, ஹீட்டர் அவசியம். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் காற்றுப் பம்ப்பும் ஓட வேண்டும். மின்சாரம் போனால் முதலில் கவனிக்க வேண்டியது மீன் தொட்டியை.

எனவே முதல் ஞாயிறு சந்தைக்குப் போகிறவர் தொட்டியையும் வடிகட்டியையும் மட்டும் வாங்கி வரலாம். தண்ணீர் நிரப்பி, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஒரு மாதம் ஓடவிட வேண்டும். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் நாள் குறையும். "மீன் எங்கே?" என்று குழந்தைகள் தினமும் கேட்கத்தான் செய்வார்கள். வாங்கிய மூன்றாம் நாள் "மீன் ஏன் அசையவில்லை?" என்று கேட்பதற்கு இது பரவாயில்லை.