மாங்கூழும் அந்நியச் சந்தையும்

ஞாயிறுதோறும் எங்கள் போச்சம்பள்ளியில் கூடும் சந்தையில், சுற்றுவட்டாரக் கிராமங்கள் வளர்த்த ஆடு கோழிகளையும் விளைவித்த தானியங்களையும் காய்கறிகளையும் பெரும்பாலும் அக்கிராமத்தாரே வாங்கிச் செல்கிறார்கள். அயல்நாட்டில் போர் மூண்டாலும் கப்பல் தாமதித்தாலும் கலையாத வியாபாரம் அது. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிரதான விளைபொருளான மாங்கனிக்கோ அந்தப் பாக்கியம் இல்லை.

2025 ஜூனில், பெங்களூரா ரக மாங்காய் கிலோ 5 ரூபாய் அளவுக்கு வீழ்ந்து, பறிகூலிக்கும் வண்டிவாடகைக்கும் கட்டாமல், என்னைப் போன்ற தோப்புக்காரர்கள் காயை மரத்திலேயே விட்டுவிட நேர்ந்ததற்கு, விளைச்சல் மிகுதி மட்டுமே காரணமன்று. வளைகுடா நாடுகளையும் ஐரோப்பாவையும் பெரிதும் நம்பி இயங்கும் மாங்கூழ் ஆலைகளில் முந்தைய பருவத்துச் சரக்கே தேங்கிக் கிடந்ததும் காரணமாகும். இரண்டு மூன்று மாதங்களே அரைத்து, ஆண்டு முழுவதும் விற்க வேண்டிய தொழில் இது. போட்ட முதல் டின்களில் முடங்கிக் கிடக்க, வங்கி வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனால், சிறிய ஆலைக்காரர் மறுபருவத்துக்குக் காய் வாங்குவது எப்படி? உள்நாட்டுப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த சரக்குக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டுமென்று 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் விதித்திருந்தும், முறையிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தால் சிற்றாலைக்காரர்கள் மௌனம் சாதிக்கிறார்கள்.

மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைக்கு இவ்வட்டாரத்தில் சர்க்காரால் 500 ஏக்கர் ஒதுக்க முடிந்ததை நான் குறை கூறவில்லை. எம் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். ஆனால் அந்த உற்சாகத்தில் நூற்றிலொரு பங்காவது சிறுதொழிலின்மீது திரும்பாதிருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறேன். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடத்தும் சர்க்கார், சிற்றாலைகள் வாடகைக்குப் பயன்படுத்தத்தக்க பொதுக் குளிர்பதனக் கிடங்கொன்றைச் சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்திலேயே அமைத்து, இருப்புச் சரக்கின் ஈட்டின்பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் வழங்கி, எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழகத்துப் பள்ளிச் சத்துணவிலும் அங்கன்வாடிகளிலும் வாரத்தில் ஒருநாள் மாம்பழச்சாறு அளிக்க உத்தரவிடுமானால், நம் குழந்தைகளே நமக்கு நிரந்தரமான வாடிக்கைக்காரர்களாகி விடுவார்கள். ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஒன்றையே பற்றித் தொங்கவேண்டாம் என்கிறேன்.

தை பிறந்தால் மரங்கள் பூக்கத் தொடங்கிவிடும். அதற்குமுன் சம்பந்தப்பட்ட இலாகா பதில் சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு மாந்தோப்புக்காரர்,
போச்சம்பள்ளி