வாயைச் சற்றே திறந்து பாருங்கள்

தாம்பூலம் இல்லாத கல்யாணம் நம் நாட்டில் உண்டா? வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டாவிட்டால் மரியாதைக் குறைவு என்று கருதும் குடும்பங்கள் நம்முடையவை. அந்தத் தட்டைக் குறை கூறினால் பெரியோருக்குக் கோபம் வருவது சகஜமே. ஆயினும் உண்மையை மறைப்பது நேயர்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

1933-ஆம் வருஷத்திலேயே, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் வைத்தியம் செய்த டாக்டர் ஓர் என்பவர், வெற்றிலை போடுவோருக்கு வாயில் புற்றுநோய் காண்பதைப் பற்றி 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். புகையிலையைச் சேர்க்காவிட்டால் தோஷமில்லை என்று பலர் இன்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேராத தாம்பூலமும் வெறும் பாக்குமே இந்நோயை விளைவிக்கும் என்று 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகக் கூறியுள்ளது. பாக்கு, கன்னத்தின் உட்புறத்தை நாளடைவில் நார்போல் இறுக்கி, வாயைத் திறக்கவொட்டாமலும் செய்துவிடும். புகைப் பழக்கத்தோடு மதுவும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்குக் கன்னத்தினுள்ளே வலியில்லாத சிறு புண் கண்டது. "பல் உரசியிருக்கும், தானே ஆறிவிடும்" என்றார். ஆறு மாதம் சென்றது. பிறகு தாடையில் ஒரு பாகத்தையே எடுக்க நேர்ந்தது. உயிர் தப்பினார், ஆனால் கணீரென்று பாடம் சொன்ன அவர், இன்று தண்ணீர் கேட்கவும் ஜாடை காட்டுகிறார். அந்த ஆறு மாதமும் நாங்கள் அவரைத் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். டாக்டரிடம் போகும்படி ஒருவரும் வற்புறுத்தவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இத்தனைக்கும் இது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்கும் நோய். 1996 முதல் திருவனந்தபுரம் ஜில்லாவில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, மக்களின் வாயைத் திறந்து பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கமுள்ளவர்களிடையே, சோதனை நடந்த இடங்களில் வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-இல் தெரியவந்தது.

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, அண்ணம், நாக்கின் அடியும் ஓரமும் எல்லாவற்றையும் பாருங்கள். மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, நீங்காத குரல் கம்மல், விழுங்குவதில் தடை இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வலியில்லை என்பது தைரியத்திற்குக் காரணமாகாது. ஆரம்பத்தில் வலியே இராது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் இதற்கென ஆஸ்பத்திரி நிறுவினார். அத்தகைய ஆஸ்பத்திரிகள் இருந்தும், காலங்கடந்து போனால் என்ன பயன்?

வரும் ஞாயிறன்று வீட்டிலுள்ள பெரியவர்களை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். விருந்தினருக்கு நீட்டும் தட்டில் பழமும் புஷ்பமும் வையுங்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் வராது.