அந்தக் கரகோஷம்

1998ஆம் வருஷம் நவம்பர் மாதம் 27ஆம் தேதி, கனடா தேசத்தின் மான்ட்ரியல் நகரில், சிறைக் காவலர் இருவரைக் கொல்லும்படி ஏவியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த மோரீஸ் பூஷே என்பவனை ஜூரிகள் குற்றவாளியல்லன் என்று சொல்லி விடுவித்தார்கள். அன்று இரவே அவன் தன் பரிவாரம் புடைசூழ அந்நகரத்துப் பெரிய அரங்கில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியைப் பார்க்கப் போனான்; அவன் உள்ளே நுழைந்ததைக் கண்ட ஜனங்கள் ஆரவாரித்துக் கரகோஷம் செய்தார்கள். அவன் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவன் என்பதும், அச்சங்கம் நான்கு வருஷங்களாக ராக் மெஷீன் என்ற எதிர்க் கூட்டத்தோடு அந்நகர வீதிகளில் வெடிகுண்டு கொண்டும் துப்பாக்கி கொண்டும் போராடி வந்தது என்பதும் கைதட்டியவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. அப்படியிருந்தும் தட்டினார்கள். அந்தப் போரை நினைக்கும்போதெல்லாம் குண்டுகளின் ஓசையைவிட அந்தக் கைகளின் ஓசைதான் என்னை அதிகமாக வருத்துகிறது.

ஏன் தட்டினார்கள் என்று யோசித்தால், உலகத்தில் பரவலாக வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயம் புலப்படுகிறது. கறுப்புத் தோல் சட்டை அணிந்து, முதுகில் சின்னம் தைத்து, இடிபோல் முழங்கும் வண்டிகளில் நெடுஞ்சாலையை நிறைத்துக்கொண்டு போகும் அந்த மனிதர்கள் சமூகத்தின் போலி மரியாதைகளை உதறிவிட்டு வந்த சுதந்திர புருஷர்கள் என்பதும், ஒருவனுக்காக ஒருவன் உயிரையும் கொடுக்கும் சகோதரர்கள் என்பதும், அவர்கள் செய்யும் பாதகங்களும் தங்களுக்குள்ளே தீர்த்துக்கொள்ளும் பழிகளே அன்றி ஊராரைத் தொடுவன அல்ல என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். நல்ல கள்ளனின் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த நமக்கும் இந்த நினைப்பு அந்நியமானது அன்று. ஆகையால் இது எவ்வளவு பெரிய பொய் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரமை பிறந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947இல் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க வந்தவர்கள் குடித்துவிட்டுச் செய்த கலாட்டாவைப் பத்திரிகைகள் பெரிதாக்கின. மறு வருஷம் அதே மாகாணத்தில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் சங்கம் தோன்றியது. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த திரைப்படம் தோல் சட்டைக்காரனை ஒரு சோக நாயகனாக்கி உலகமெங்கும் அனுப்பிவைத்தது. வண்டியோட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சட்டத்துக்கு அடங்கியவர்கள் என்று யாரோ சொன்னதாகப் பரவிய பேச்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சிய அந்த ஒரு சதவீதத்தார் நாங்களே என்று சட்டையில் சின்னம் தைத்துக்கொண்டார்கள். தாங்கள் சட்டத்துக்கு வெளியே இருப்பதாக அவர்களே மார்பில் எழுதிக்கொண்ட பின்னும், அதை ஓர் அலங்காரமாக மட்டுமே கருதுகிற பெருந்தன்மை நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

முதலில் அந்தச் சகோதரத்துவத்தை எடுத்துக்கொள்வோம். க்யூபெக் மாகாணத்தில் இந்தச் சங்கம் கால் ஊன்றியது 1977ஆம் வருஷக் கடைசியில். எட்டு வருஷம் நிறைவதற்குள், 1985 மார்ச் 24ஆம் தேதி, லெனாக்ஸ்வில் என்ற ஊரிலிருந்த சங்க மாளிகைக்கு லவால் கிளையைச் சேர்ந்தவர்களை அழைத்து, அவர்களில் ஐந்து பேரை அவர்களுடைய சகோதரர்களே சுட்டுக் கொன்றார்கள். விற்க வேண்டிய போதைச் சரக்கைத் தாங்களே அளவுமீறி உட்கொள்கிறார்கள், பணத்தில் கை வைக்கிறார்கள் என்பனவே அவர்கள்மீது சொல்லப்பட்ட குறைகள். சடலங்களைத் தூங்கும் பைகளில் திணித்து, பாரம் கட்டி, செயின்ட் லாரன்ஸ் நதியில் இறக்கினார்கள். குடிப்பழக்கத்துக்கும் போதைக்கும் சிகிச்சை பெறச் சென்றிருந்ததால் அன்று தப்பிய லவால் கிளைக்காரன் ஈவ் த்ரூதோ, தன்னையும் முடித்துவிடத் தீர்மானித்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் போலீஸ் பக்கம் சேர்ந்து, நாற்பத்துமூன்று பேர் சாவில் தனக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டான். ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு ஒத்துவராத சிப்பந்தியை வேலையிலிருந்து நீக்குவார்கள். இந்தச் சகோதரர்கள் நதியில் இறக்கினார்கள்.

பூஷே அந்தச் சங்கத்தில் சேர்ந்தது இதற்குப் பின்பு. சகோதர விசுவாசத்தை எப்படி நிலைநிறுத்துவது என்பதற்கு அவன் கண்ட உபாயத்தை, அவனுடைய ஏவலால் கொலை செய்த ஸ்தெபான் காஞ்யே என்பவன் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொன்னான். சிறைக் காவலரைக் கொன்றவனோடு ராஜாங்கம் எந்தச் சமரசத்துக்கும் வராது. ஆகவே அப்படிப்பட்ட கொலையில் கை நனைத்தவன் ஒருநாளும் அப்ரூவராக மாட்டான் என்பதே அந்த உபாயம். 1997 ஜூன் 26ஆம் தேதி, சிறையில் தன் முறையை முடித்துக்கொண்டு காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் காவலரை, மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் வந்து சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி, கைதிகளை ஏற்றிவரச் சென்ற சிறைப் பேருந்தை ஓட்டிய காவலரைக் கொன்றார்கள். அந்தப் பெண் யார், அவர்கள் வியாபாரத்துக்கு என்ன இடையூறு செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. சீருடை அணிந்த எவராயிருந்தாலும் அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அன்பினால் கட்ட முடியாத கூட்டத்தை ஒரு தாயின் ரத்தத்தால் கட்டப் பார்த்தார்கள் என்பதைவிட இந்தச் சகோதரத்துவத்தைப் பற்றி நான் வேறென்ன சொல்ல? பிடிபட்ட காஞ்யே அப்ரூவரானான் என்பதால் அந்தக் கட்டும் நிற்கவில்லை.

இனி, சுதந்திரம். திறந்த நெடுஞ்சாலையும் முகத்தில் அறையும் காற்றும் படத்தில் இருப்பவை. பணம் வந்ததோ துறைமுகத்திலிருந்து. மான்ட்ரியல் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தாலும், செயின்ட் லாரன்ஸ் நதி வழியாகக் கப்பல்கள் நேரே வந்து சேரும் பெருந்துறைமுகம். அங்கே எந்தக் கண்டெய்னர் எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது, எந்த லாரி எதை ஏற்ற வேண்டும் என்று கணக்கு வைப்பவர்கள் சரக்குக் கணக்கர்கள். நம் துறைமுகங்களில் டாலி கிளார்க் என்பார்கள். ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டி மட்டும் சுங்க அதிகாரியின் கண்ணில் படாமல் வாசலைத் தாண்ட வேண்டுமானால், அந்தக் கணக்கில் தன் ஆள் ஒருவன் இருந்தால் போதும். வெஸ்ட் எண்ட் கூட்டம் எனப்பட்ட ஐரிஷ் வம்சத்தார் பல காலமாக அந்த வாசலைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். அவர்களில் முக்கியஸ்தனான ஜெரால்ட் மாட்டிக்ஸ், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்காகவும் சரக்கு இறக்கிக் கொடுத்து, முப்பது டன்னுக்கு மேற்பட்ட ஹஷீஷும் இருநூற்றுக்கு மேற்பட்ட கிலோ கொகெய்னும் அந்தத் துறைமுகத்தின் வழியே கொண்டுவந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு பன்னிரண்டு வருஷச் சிறைத் தண்டனை பெற்றான். அங்கே நேர்மையாக உழைத்த தொழிலாளிகளே அதிகம் என்பதை நான் மறக்கவில்லை. ஒரு சிலரின் கறை அவர்கள் எல்லோர்மீதும் படிந்தது அவர்களுக்கு இழைக்கப்பட்ட தனி அநீதி.

ராஜாங்கத்தின் பிழையும் இதில் சிறிதன்று. முன்பு மாட்டிக்ஸ் மீது தொடுத்த வழக்கு, மாகாணப் போலீஸார் தாங்களே பொய்ச் சாட்சியப் பத்திரங்களை வைத்தார்கள் என்று தெரியவந்ததால் 1995இல் கலைந்து போயிற்று. துறைமுகங்களுக்கென்றே இருந்த கனடாவின் தனிப் போலீஸ் படையை 1997இல், இந்தப் போர் உச்சத்தில் இருந்த வேளையில், கலைத்துவிட்டார்கள். வாசலில் நாயைக் கட்டி வைக்கும் வழக்கம் குடியானவனுக்குத் தெரியும். ஒரு பெரிய தேசத்துக்கு அது மறந்து போயிற்று.

இப்படி இறங்கிய சரக்கை அவர்கள் விற்ற விதத்தில் கலகக்காரனின் சாயல் சிறிதும் இல்லை. 2000ஆம் வருஷத்தில் இத்தாலிய மாபியாக்காரரோடு பேசி, மான்ட்ரியலில் ஒரு கிலோ கொகெய்னின் விலை ஐம்பதினாயிரம் டாலர் என்று நிர்ணயம் செய்தார்கள். பணத்தை எண்ணுவதற்கென்று வாடகைக்குக் குடியிருப்புகள் பிடித்து, கம்ப்யூட்டரில் வரவு செலவு எழுதி வைத்தார்கள். சமூகத்தின் கணக்குப் புத்தகத்தைக் கிழித்தெறிந்துவிட்டு வந்தவர்கள் என்று நாம் கொண்டாடியவர்கள், ஓர் ஏகபோக வியாபாரியைவிடக் கண்டிப்பாகக் கணக்கு எழுதினார்கள். எந்தத் தெருமுனையில் யார் விற்பது என்பதுதான் அந்தப் போர் முழுவதும். நூற்றறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் அதற்காகவே போயின.

தங்களுக்குள் அடித்துக்கொண்டு சாகிறார்கள், நமக்கென்ன என்று சொன்னவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மான்ட்ரியலின் கிழக்குப் பகுதியில் ஏழைத் தொழிலாளிகள் வாழும் ஒரு பேட்டையிலுள்ள ஆடம் தெருவைக் காட்ட விரும்புகிறேன். 1995 ஆகஸ்ட் 9ஆம் தேதி அங்கே நின்ற ஒரு ஜீப் வண்டியில் வைத்த குண்டு வெடித்தது. அருகில் விளையாடிக்கொண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் சிதறிய இரும்புத் துண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்தான். 2000ஆம் வருஷம் செப்டம்பர் 13ஆம் தேதி, இந்தக் கூட்டங்களைப் பற்றி அஞ்சாது எழுதிவந்த பத்திரிகையாளர் மிஷெல் ஓஜே, தம் பத்திரிகையின் வண்டி நிறுத்துமிடத்தில் முதுகில் ஆறு குண்டுகள் வாங்கினார். விழுந்த நிலையில் தாமே கைத்தொலைபேசியில் உதவிக்கு அழைத்துப் பிழைத்தார். அடுத்த மாதமே டெர்போன் என்ற ஊரில், தன் மதுக்கடைக்குள் போதை மருந்து விற்கக் கூடாது என்று மறுத்த ஓர் இளைஞரை அவர் வீட்டு வாசலில் தடிகளால் அடித்தே கொன்றார்கள். சிறுவனும், காவலர்களும், கடைக்காரரும் அந்தக் கூட்டத்துக்கு எந்த உறவு? இவர்கள் நம்மவர்கள். சுதந்திர புருஷர்களின் சாலை இவர்கள்மேல் ஏறித்தான் போயிற்று.

அதே 2000ஆம் வருஷக் கோடையில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினன் ஒருவனுடைய கல்யாணத்தில் அம்மாகாணத்தின் புகழ்பெற்ற பாடகி ஒருவர் பாடினார். பூஷேயோடு அவர் நின்ற படம் பத்திரிகையில் வந்தது. குண்டு வெடித்ததில் செத்த குழந்தை மண்ணுக்குள் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பாடகியை நான் குறை கூறப் புகவில்லை. அவ்விடத்தில் நிற்பது இழுக்கு என்று ஒருவருக்குத் தோன்றாதபடி ஒரு சமூகத்தின் மனம் மழுங்கியிருந்ததே என்பதுதான் என் துக்கம். துறைமுக வாசல் திறந்திருந்தது போலவே ஊராரின் மனத்தின் வாசலும் அவர்களுக்குத் திறந்திருந்தது. இரண்டாவதைத் திறந்து வைக்க அவர்கள் யாருக்கும் லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சிறுவனின் தாய் சும்மா இருக்கவில்லை. கூட்டமாகச் சேர்ந்து குற்றம் செய்வோரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று அவர் ஊரூராக மன்றாடினார். 1997இல் சட்டம் வந்தது. 2001 மார்ச் 28ஆம் தேதி விடியலில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்தார் நூற்றுக்கு மேற்பட்ட பேரை ஒரே வீச்சில் கைது செய்தார்கள். அவர்களை விசாரிக்கத் தனி நீதிமன்றமே கட்ட வேண்டியிருந்தது. பூஷேயின் விடுதலை மேல்முறையீட்டில் ரத்தாகி, மறு விசாரணை நடந்து, 2002 மே 5ஆம் தேதி அவ்விரு காவலர்களின் கொலைக்கும் அவனே குற்றவாளி என்று வேறொரு ஜூரி சொல்லியது. ஆயுள் தண்டனை பெற்ற அவன் வெளியே வரவேயில்லை. 2022 ஜூலையில் சிறைக் காவலில் புற்றுநோயால் இறந்தான்.

அந்தச் சின்னம் தைத்த சட்டைக்காரர்கள் இன்றும் பல தேசங்களில் பண்டிகைக் காலத்தில் குழந்தைகளுக்குப் பொம்மை வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பத்திரிகை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அந்தப் படத்தைப் போடத்தான் வேண்டுமென்றால், அதன் கீழே ஆடம் தெருவில் இறந்த குழந்தையின் வயதையும் தேதியையும் சேர்த்து அச்சிடுங்கள்.