ஒரே கலைக்களஞ்சியம், பல தமிழ்

யாழ்ப்பாணத்துப் பள்ளி மாணவர் தம் அறிவியல் பாடத்தில் 'ஒட்சிசன்' என்று படிக்கிறார். மதுரை மாணவருக்கு அதே வாயு 'ஆக்சிஜன்'. கிரந்த எழுத்தைத் தவிர்ப்போர் 'ஆக்சிசன்' என்கின்றனர். 'உயிர்வளி' என்று தூய தமிழில் எழுதுவோரும் உளர். இந்த நால்வரும் ஒரே கட்டுரையை எழுதவும் திருத்தவும் உரிமை பெற்ற இடம் தமிழ் விக்கிப்பீடியா. 2003-ஆம் ஆண்டில் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைக் கடந்துவிட்ட அந்தக் கலைக்களஞ்சியத்தில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

அச்சுக் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 'கலைக்களஞ்சிய'த்திற்கு முதன்மை ஆசிரியராகப் பெரியசாமித் தூரன் இருந்தார். பலதுறை அறிஞர்கள் எழுதினர். இறுதிச் சொல் ஆசிரியர் குழுவினுடையது. விக்கிப்பீடியாவில் அப்படி ஒருவர் இல்லை. கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் வாதிட்டு, இணக்கம் கண்டு, திருத்த வேண்டியதுதான். இணக்கம் எப்போதும் எளிதாகக் கிட்டுவதுமில்லை.

ஆங்கில விக்கிப்பீடியா இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. அமெரிக்க ஆங்கிலமா, பிரிட்டிஷ் ஆங்கிலமா என்ற பூசலில் அது ஒன்றை அரசுகட்டிலில் ஏற்றவில்லை. ஒரு நாட்டோடு நெருங்கிய தொடர்புள்ள பொருளுக்கு அந்த நாட்டு வழக்கு; மற்றவற்றுக்கு, முதலில் எந்த வழக்கில் எழுதப்பட்டதோ அதுவே தொடரும்; ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது. விதி தெளிவாக இருந்தும், தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து இருக்கலாமா, கூடாதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீண்டு 2011-இல்தான் ஓய்ந்தது. தயிருக்குச் சண்டையிடும் நிலை நமக்கு இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஆஸ்திரேலியாவா அவுஸ்திரேலியாவா, டொராண்டோவா ரொறன்ரோவா, ஹாங்காங்கா ஆங்காங்கா என்பவை நம் தயிர்ப்பானைகளே.

சீன விக்கிப்பீடியா வேறு வழியில் சென்றது. சீனா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் எழுத்து வடிவமும் கலைச்சொற்களும் மாறுபடுகின்றன. மென்பொருளுக்குச் சீனாவில் ஒரு சொல், தைவானில் வேறொரு சொல். கட்டுரை ஒன்றே. வாசகர் தம் பகுதியைத் தேர்ந்தெடுத்தால், மாற்று அட்டவணையைக் கொண்டு மென்பொருளே எழுத்தையும் சொல்லையும் மாற்றிக் காட்டுகிறது. தமிழுக்கும் இதைச் செய்யலாமே என்று தோன்றும். 'ஆக்சிசனை' என்பதை 'ஒட்சிசனை' என்று மாற்றுவது எளிது. 'இயற்பியலை' என்பது 'பௌதிகத்தை' என்று மாற வேண்டுமென்றால் வேற்றுமை உருபு சேரும் விதமே வேறு. சாரியை வரும், சந்தி மாறும். கடினமான பணிதான், எனினும் தமிழ்க் கணிமை அறிஞர்கள் ஏற்கத் தகுந்தது.

அதுவரை என்ன செய்வது? சொல் வேறுபாட்டை நான் குறையாகக் கருதவில்லை. மாற்றுச் சொல்லைத் தேடுபவரையும் உரிய கட்டுரைக்கே கொண்டுசேர்க்கும் வழிமாற்று வசதி ஏற்கெனவே உண்டு. கட்டுரையின் முதல் வரியிலேயே பிற வழக்குகளையும் குறிப்பிட்டுவிட்டால், தாம் தேடிவந்த பொருள் இதுதானா என்ற ஐயம் மாணவருக்கு எழாது. சீர்மை என்ற பெயரில் ஈழ வழக்கைக் களைந்தாலோ, தமிழக வழக்கைத் தள்ளினாலோ, இழப்பு வாசகர்களுக்கே. மக்கள்தொகையில் பெரிய பக்கம் எது என்பது தெரிந்ததே. ஆகவே பொறுப்பும் அந்தப் பக்கத்துக்கே அதிகம்.

என் கவலை சொல்லைப் பற்றியதன்று, தொடரமைப்பைப் பற்றியது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்புக் கருவிகளின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெருமளவில் ஏற்றியது. எண்ணிக்கை உயர்ந்தது, நடை தடுமாறியது. தமிழ் விக்கிப்பீடியர்கள் தரத்தைச் சுட்டிக்காட்டி வாதிட்டனர். இன்று எந்திர மொழிபெயர்ப்பு எவர் கையிலும் இருக்கிறது. இலக்கணப் பிழையும் குறைந்துவிட்டது. ஆயினும் 'அரசியல்வாதி ஆவார்', 'அறியப்படுகிறார்', 'நகரங்களில் ஒன்றாகும்' என்று ஒரே அச்சில் வார்த்த வரிகள் பெருகுகின்றன. ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூட்டின் மேல் தமிழ்ச் சொற்களைப் போர்த்தியது போன்ற நடை. சீர்மை என்று பார்த்தால் இதைவிடச் சீரானது வேறில்லை.

சீரான நடையே பொய்யாகவும் இருக்க முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்து ஒரு சான்று. அங்குள்ள ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் எழுதியிருந்தது 2020-இல் வெளிப்பட்டது. ஆங்கில வாக்கியங்களில் அகராதிச் சொற்களைப் பொருத்தி எழுதியிருந்தார். தீய நோக்கம் ஏதுமில்லை. அருகிவரும் ஒரு மொழியின் முகமாக அந்தப் போலி நடை பல ஆண்டுகள் இணையத்தில் நின்றதுதான் துயரம்.

தமிழுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் கற்றுக்கொள்ளும் மூலங்களுள் விக்கிப்பீடியா முக்கியமானது. இன்று எந்திரம் எழுதிய தமிழை நாம் திருத்தாமல் விட்டால், நாளைய எந்திரம் அதையே தமிழ் என்று கற்கும். மாணவர் அதனிடம் கேட்டுக் கட்டுரை எழுதுவார்.

ஆகவே நடைக் கையேட்டின் கண்டிப்பு தொடரமைப்பின் மீது விழட்டும். தேவையற்ற செயப்பாட்டுவினையை விலக்குதல், நீண்ட ஆங்கிலத் தொடரை இரண்டு மூன்றாகப் பிரித்தல், பெயருக்கு முன் அடைமொழியின்றி வினைமுற்றில் மட்டும் மரியாதை காட்டும் இப்போதைய வழக்கத்தைக் காத்தல் போன்றவற்றில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கருத்து வேறுபாடு இருக்கப்போவதில்லை. புதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டாடும் போட்டிகளுக்கு இணையாக, அதிகம் படிக்கப்படும் ஆயிரம் கட்டுரைகளைச் செப்பனிடும் போட்டியொன்றையும் நடத்தலாம். தமிழ்த் துறை மாணவர்களுக்கு அதையே செய்முறைத் தேர்வாக வைக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. ஒரு கணினி அறையும், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லும் ஓர் ஆசிரியரும் போதும்.