ஐந்தாவது காய்ச்சல்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வுக்கு ஆளானவர்களுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. கருத்தரங்குகளில் நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் எண் இது. ஆனால், மருத்துவமனைக்குள் சென்று, சில மாதங்களில் ஓசையின்றி வெளியேறிவிடுபவர்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நலம் பெற்ற பிறகும் குறைந்தது 6 மாதங்களேனும் அதைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். முன்னதாக நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. சமூகத்தின் இழிவுப் பார்வை வலுவாக வேலை செய்வது இக்காலத்தில்தான். முகம் சற்றுத் தெளிந்ததும், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு மாத்திரை?" என வீட்டார் கேட்கின்றனர். அன்பில் பிறந்த கேள்விதான். எனினும், நோய்க்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியான மாத்திரையும் மறைய வேண்டும் என்னும் விருப்பம் அதனுள் இருக்கிறது.

விடுதியில் என்னுடன் தங்கியிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், தம் மாத்திரைகளைச் சத்து மாத்திரைப் புட்டியில் போட்டு வைத்திருந்தார். மருத்துவரைக் காணச் செல்லும் நாள்களில் விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதுவார். நான்கு மாதங்கள், நான்கு காய்ச்சல்கள். ஐந்தாவதை எழுத மனமின்றிச் செல்வதையே நிறுத்திவிட்டார். அடுத்த பருவத்தில் ஆய்வையும் கைவிட்டார். துறையின் நினைவில் அவர் 'ஒழுங்காக வராதவர்'.

செலவு, தொலைவு, பக்கவிளைவு ஆகியவையும் சிகிச்சை முறியக் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இழிவுப் பார்வை அவை ஒவ்வொன்றையும் பெருக்குகிறது. தெருமுனை மருந்துக்கடையைத் தவிர்த்து அடுத்த ஊருக்குப் போகவைக்கிறது. பகல் முழுதும் அழுத்தும் தூக்கக் கலக்கத்தை நெறியாளரிடம் சொல்லவிடாமல் தடுக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயரின் தகவல்களைக் காக்கும் கடமையைச் சிகிச்சையளிப்போர்மீது சுமத்துகிறது. விடுப்புப் படிவத்தில் உள்ள 'காரணம்' என்னும் கட்டத்தை அச்சட்டம் எட்டுவதில்லை. அதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. துறைக் கூட்டம் ஒன்று போதும். 'மருத்துவக் காரணம்' என்னும் இரு சொற்களே போதுமான விளக்கம் என்று முடிவெடுப்போம்.

பேச ஒருவர் தேவைப்படுவோர்க்கு அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண்: 14416. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்போர்க்கு ஒரு வேண்டுகோள்: நிறுத்த எண்ணினால், முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.